தூண் அடிக்கிற சத்தம்

உப்புக் காற்றில் முதலில் கெட்டுப்போவது கதவுக் கைப்பிடிதான். வீடு வாங்க வருகிறவர்கள் தரையைக் குனிந்து பார்ப்பார்கள், குழாயைத் திறந்து மூடுவார்கள், சன்னலோரம் நின்று கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கைப்பிடியை ஒருவரும் கவனிப்பதில்லை. ஆனால் அது துருவேறி இறுகியிருந்தால், பூட்டியே கிடந்த வீடு என்று அவர்கள் கைக்குத் தெரிந்துவிடும். அதனால் ஆள் குடிவராத வீடுகளில் உள்பக்கக் கைப்பிடிகளைக் கழற்றி, எண்ணெய் தடவி, ஒரு பையில் போட்டு வைப்பேன். வீடு விற்ற அன்று மாட்டிக் கொடுப்பேன். எங்கள் கட்டடத்தில் எல்லாம் தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கலாம். கைப்பிடி இல்லாமல் உள்ளிருந்து திறக்க முடியாது.

ரயில் வேலைச் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்று வெளியே உட்கார்ந்திருக்கிற உங்கள் ஏட்டிடம் சொன்னேன், இன்ஸ்பெக்டர் சார். என் மனைவியின் சாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தால், எனக்கு ஆறுதல் சொல்லி, ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவர் அந்தச் சாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர். நல்ல மனுஷன். அவருக்கும் மூன்றாவது மாடியில் ஒரு வீடு நான்தான் முடித்துக் கொடுத்தேன்.

நான் வீட்டுத் தரகன். இந்தப் பக்கத்தில் என்னை ரயிலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்திலிருந்து வருகிற ரயில் பாதை இங்கே வரைக்கும் நீளப்போகிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். அதைச் சொல்லித்தான் இந்தக் கடலோரத்தை விற்றேன். கடைசி ஸ்டேஷனைத் தாண்டி நாலைந்து தூண் எழும்பி, தலையில் கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. வருஷக்கணக்காக நின்றது. டீக்கடைக்காரர் தினமும் கேட்பார்.

"என்ன ரயிலண்ணே, இன்னிக்கு எந்த ஸ்டேஷன்ல நிக்குது உங்க வண்டி?"

"சிக்னல் விழல. நீங்க பன்னை எடுத்து வைங்க, பசியோட வருவாங்க" என்பேன். கேலிக்குக் கோபப்பட்டால் இந்தத் தொழில் செய்ய முடியாது.

எங்கள் கட்டடம் கடலிலிருந்து இரண்டாவது தெரு. நாலு மாடி. வீடுகளை வாங்கியவர்கள் எல்லாம் விலை ஏறட்டும் என்று பூட்டிப் போட்டவர்கள், ஒருவரும் குடிவரவில்லை. வெறிச்சோடிக் கிடக்கிற கட்டடத்தில் மிச்ச வீடுகளை விற்பது கஷ்டம். அதனால் பில்டர் தரைத்தளத்தில் முன்பக்க வீட்டை எனக்குக் கொடுத்து, "குடும்பத்தோட வந்து இருங்க, எல்லாம் வித்து முடிஞ்சா இது உங்களுக்கே" என்றார். நானும் என் வீட்டுக்காரியும் வந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த முழுக் கட்டடத்துக்கும் நாங்கள் இரண்டு பேர்தான்.

வீட்டை உயிரோடு வைப்பது என்று ஒன்று இருக்கிறது. ஆள் வருகிற நாளில் காலையிலேயே எல்லா மாடியிலும் குழாயைத் திறந்து விட வேண்டும். சன்னல்களைத் திறந்து பூஞ்சை நாற்றத்தை விரட்ட வேண்டும். பால்கனிக் கொடிகளில் ஈரத் துணி தொங்க வேண்டும். ஏதாவது ஒரு வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசனை வர வேண்டும். இதெல்லாம் அவள் வேலை. என்னைவிட அவளுக்குத்தான் கைவந்தது. எங்கள் வீட்டுத் துண்டுகளையும் போர்வைகளையும் நாலு வீட்டுக்குப் பிரித்துப் போடுவாள். இரண்டாவது மாடியில் ஒரு குழந்தைச் சட்டை தொங்கும். எங்கிருந்து வாங்கினாள் என்று நான் கேட்டதில்லை.

தூண் அடிக்கிற சத்தமும் விளையாட்டாக ஆரம்பித்ததுதான். எங்கள் வீட்டுக்கு ஒட்டின பின்பக்க வீட்டில் சன்னல் சாத்தப் போனவள், கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டதில் உள்ளே மாட்டிக்கொண்டாள். டைல்ஸ் போட்டவர்கள் விட்டுப்போன ரப்பர் சுத்தியல் ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்துத் தரையில் தட்டியிருக்கிறாள். நான் அப்போது ஒரு ஓய்வுபெற்ற வங்கிக்காரருக்கு மேல்மாடி வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். காலி வீடுகள் வழியாக அந்தச் சத்தம் அடிவயிற்றில் இடிப்பது மாதிரி மேலே வந்தது.

"என்ன சத்தம்?" என்றார்.

"பைலிங் சார். ரயில் பாலத்துக்குத் தூண் இறக்குறாங்க" என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்தது.

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மறுபேச்சுப் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். கதவைத் திறந்து அவளிடம் சொன்னதும் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அப்போ நான்தான் உங்க ரயிலா?" என்றாள். அன்று நாங்கள் இருவரும் ரொம்ப நாள் கழித்து ஒன்றாகச் சிரித்தோம். அவள் சிரித்தால் கடைசியில் இருமலாகத்தான் முடியும். அவளுக்கு இழுப்பு உண்டு. பம்ப்பை வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தால் சரியாகிவிடும்.

அதற்குப் பிறகு ஆள் வரும்போதெல்லாம் பின்வீட்டில் போய் உட்கார்ந்து தட்டுவாள். ஒரே சீராகத் தட்டுவாள், இயந்திரம் தோற்றுவிடும். யாராவது நேரில் பார்க்க ஆசைப்பட்டால் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், தூரத்தில் தெரிகிற குடோனைக் காட்டி, அதற்குப் பின்னால் நடக்கிறது என்பேன். அப்படித்தான் பாதிக் கட்டடம் விற்றது. அவளுடைய அண்ணன் தம்பி இருவரும்கூட ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். நான் எந்தத் தொழிலிலும் உருப்பட மாட்டேன் என்று கல்யாண வீட்டிலேயே பேசிய மச்சான்கள் அவர்கள். என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "மாப்ள, நீங்க சொன்னா சரிதான்" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்பது உங்களுக்குப் புரியாது. அவளுக்கும் புரியவில்லை.

பிறகு ரயில் அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாதையை நீட்டுகிற திட்டத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள், இனிமேல் அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனார். அவள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து சுத்தியலைத் தொடவில்லை.

"விளையாட்டுன்னு நினைச்சேங்க. வரப்போறதைத்தானே கொஞ்சம் முன்னாடியே சொல்றோம்னு நினைச்சேன். இப்ப அது இல்லைன்னு ஆயிடுச்சே."

"தள்ளித்தான் வெச்சிருக்காங்க. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு எடுப்பாங்க."

"அப்ப அதையே சொல்லி வித்துக்கங்க. தள்ளி வெச்சிருக்காங்கன்னு சொல்லுங்க."

அப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள். அவளுக்கு வியாபாரம் தெரியாது. எந்த வீட்டையும் இன்றைக்காக ஒருவரும் வாங்குவதில்லை சார், நாளைக்காகத்தான் வாங்குகிறார்கள். அந்த நாளையை யாராவது ஒருவர் தைரியமாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன்.

நர்ஸம்மா வந்தது அந்தச் சமயத்தில்தான். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. நடக்க முடியாத அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு, பஸ் மாறி மாறிப் போய்வருகிற பெண். அப்பா கட்டிய வீட்டை விற்றுவிட்டு இங்கே வரலாமா என்று யோசித்தாள். ரயில் வந்தால் ஒரே வண்டி. மத்தியானம்கூட ஓடிவந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டாள். முதல் தடவை வந்தபோது என் வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைக் கையில் வாங்கின உடனேயே, "அக்கா, உங்களுக்கு வீசிங் இருக்கா?" என்று கேட்டாள் அந்தப் பெண். மூச்சைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"பூஞ்சை வாசனை அடிக்கிற ரூம்ல இருக்கவே இருக்காதீங்கக்கா. பம்ப்பைக் கைக்கு எட்டுற தூரத்துல வெச்சுக்கங்க. திடீர்னு இறுக்கிடுச்சுன்னா பத்து நிமிஷம்கூடத் தாங்காது" என்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தெரியாமல் செய்துவிட்டான் என்று பிறகு யாரும் எனக்காகப் பேசக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

அவர்கள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். போனில் பேசிக்கொள்வார்கள். நர்ஸம்மா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து முடிவு செய்வதாகச் சொன்ன நாள் காலையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"இன்னிக்கு நான் அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லிடுவேங்க."

"என்ன சொல்லுவே?"

"எல்லாத்தையும். சுத்தியலையும் சேர்த்து. என்னைத் தப்பா நினைச்சாலும் பரவாயில்ல. அது வித்துட்டு வந்தா திரும்பிப் போக வீடு இல்லீங்க அதுக்கு."

"உங்க அண்ணன் தம்பிக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சமாதானப்படுத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னாள். மச்சான்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்ப்பது கண்முன்னால் வந்தது. ஆனால் நான் சத்தம் போடவில்லை. நான் அவளை ஒரு நாளும் கைநீட்டி அடித்தவன் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால், நர்ஸம்மாவின் கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தேன். "பின்வீட்ல ஒரு போர்வை கிடக்கு, எடுத்துட்டு வா. அந்த அம்மா உட்கார்ற நாற்காலியில போடலாம்" என்றேன். நடக்க முடியாத ஒருத்திக்கு என்றதும் போனைக்கூட எடுக்காமல் உடனே கையைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினேன். அது சாத்திக்கொள்கிற சத்தம் ரொம்பச் சின்னது. மூன்று வாரமாகத் திறக்காத வீடு. சுவரெல்லாம் கறுப்பாகப் பூத்திருந்தது. சன்னலுக்கும் கைப்பிடி இல்லை, அதையும் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். சுத்தியலை முன்னாடியே என் மேசைக்கு அடியில் எடுத்து வைத்திருந்தேன்.

நர்ஸம்மாவும் டிரைவரும் சேர்ந்து அந்தப் பெரியம்மாவை இறக்கி உட்கார வைத்தார்கள். "அக்கா எங்கே?" என்று கேட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வருவாள் என்றேன். தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனால் அலமாரித் தட்டில் பம்ப் இருக்கிறது. நர்ஸ் கண்ணில் பட்டால், பம்ப் இல்லாமல் ஏன் வெளியே போனார்கள் என்று கேட்பாள். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்கும்போது தட்டுகிற சத்தம் ஆரம்பித்தது.

பெரியம்மாதான் முதலில் தலையைத் திருப்பினார். "யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கே" என்றார்.

"இல்லம்மா. பைலிங். ரயிலுக்குத் தூண் அடிக்கிறாங்க."

"வேலை நடக்குதா? அப்ப சீக்கிரம் வந்துடும்" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் முகமும் மலர்ந்தது. "மேலேர்ந்து பாக்கலாமாண்ணே?" என்றாள்.

மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் கேட்டது. அவள் விளையாட்டுக்குத் தட்டிய நாட்களில் ஒரே சீராக இருக்கும் என்று சொன்னேன் இல்லையா. அன்று அப்படி இல்லை. வேகமாக நாலைந்து தட்டு, பிறகு ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு, பிறகு நீளமாக ஒரு நிறுத்தம். உள்ளங்கையால் தட்டியிருக்கிறாள், குரல் கொடுக்க மூச்சு இருந்திருக்காது. ஆனாலும் அவ்வளவு கனமாக அது மேலே வந்தது. சுத்தியலால் தட்டும்போதுகூட அவ்வளவு நன்றாக இருந்ததில்லை. நான் குடோனைக் காட்டி, தூண்களைக் காட்டி, ஸ்டேஷன் எங்கே வரும், டிக்கெட் கவுன்டர் எந்தப் பக்கம் இருக்கும், பெரியம்மாவின் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சரிவுப்பாதை எங்கே போடுவார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டைப்பையில் கை வைத்தபடியே பேசினேன்.

பிறகு சத்தம் நின்றது. நர்ஸம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "நின்னுடுச்சே அண்ணே?" என்றாள்.

"சாப்பாட்டு நேரம்மா. வேலைக்காரங்க சாப்பிடப் போயிருப்பாங்க" என்றேன்.

கீழே வந்து நான் உடனே பின்வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் அட்வான்ஸ் கொடுத்தார்கள், நான் ரசீது எழுதிக் கொடுத்தேன், பெரியம்மாவைக் காரில் ஏற்றினேன், போர்வையைக் காலில் போர்த்திவிட்டேன். வேறு போர்வை. கார் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். சாவி கையில்தான் இருந்தது. நான் அப்போது என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கோபத்தில் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்படித்தான் இவ்வளவு நாளும் எல்லாரிடமும், எனக்குள்ளேயும், சொல்லிவந்தேன். உண்மையில் அந்த நிறுத்தங்கள் நீளநீள எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. எனக்கு அவள் மூச்சைத் தெரியும் சார். இருபது வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டவன்.

கதவைத் திறந்தபோது அவள் கதவோடு ஒட்டிச் சாய்ந்திருந்தாள். திறந்ததும் என் காலில் விழுந்தாள். போர்வையை மடித்துக் கையில் வைத்திருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடத்தினேன். பம்ப்பை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பழைய வியாதி, திடீரென்று இறுக்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சான்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நர்ஸம்மாதான் ரொம்ப உடைந்துபோனாள். "நான் அன்னிக்கு அங்கதானே இருந்தேன். அவங்க திரும்பி வர்ற வரைக்கும் இருந்திருந்தா காப்பாத்தியிருப்பேனே அண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு சுவர்தான் நடுவில். நான்தான் அவளைத் தேற்றினேன். அவரவர் விதி, உன்மேல் என்ன தப்பு என்றேன். அப்பா வீட்டை விற்றுவிட்டு அம்மாவோடு எங்கள் கட்டடத்துக்கே வந்துவிட்டாள். இன்றும் இரண்டு பஸ்தான் மாறிப் போகிறாள். போகும்போது எனக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறாள். தனியாக இருக்கிற ஆள், கண்டதைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்வேன் என்று அவளுக்குக் கவலை.

எல்லாம் இப்படியே போயிருக்கும். ஆனால் போன மாதம் பரணில் கிடந்த திட்டத்தை எடுத்துத் தூசி தட்டிவிட்டார்கள். குடோனுக்குப் பின்னால் நிஜமாகவே இயந்திரம் வந்து நின்று தூண் அடிக்கிறது. காலையிலிருந்து அடிக்கிறது. தெருவே அதைத் திட்டுகிறது, பாத்திரம் அதிர்கிறது என்கிறார்கள். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. சீரான சத்தம், அது அவள் விளையாட்டுக்குத் தட்டியது மாதிரி இருக்கிறது. சில சமயம் சிரிப்புகூட வருகிறது. மத்தியானம் நின்றுவிடுகிறது பாருங்கள், அதுதான் என்னால் முடியவில்லை. வேலைக்காரர்கள் சாப்பிடப் போகிறார்கள். அந்த அமைதியில் பின்வீட்டிலிருந்து தட்டுவது கேட்கிறது. வேகமாக நாலைந்து, நிறுத்தம். இரண்டு, நிறுத்தம். நான் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் திறக்கிறேன். இப்போது அந்த வீட்டுக் கதவையே கழற்றிப் போட்டுவிட்டேன். அப்படியும் தட்டுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது சார். அதைச் சொல்ல வெட்கமில்லை.

நேற்று நர்ஸம்மா தட்டை வைத்துவிட்டு நின்றாள். "ரயில் வரப்போகுதுண்ணே. அக்கா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றாள். ஆமாம்மா என்றேன். அவள் போன பிறகு தட்டைத் தொட முடியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு இங்கே கிளம்பிவிட்டேன். பாதி வழியில் திரும்பிப் போனேன். இன்று வந்துவிட்டேன்.

நான்தான் அவளைக் கொன்றேன். கதவைச் சாத்தினதும் நான், பம்ப்பை எடுத்ததும் நான், சத்தம் நிற்கிற வரைக்கும் மாடியில் நின்று பேசிக்கொண்டிருந்ததும் நான். நீங்கள் எழுதிக் கொடுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்றே ஒன்று. அந்தக் குமாஸ்தா சொன்னதுதான் தப்பு, அவள் நம்பியதுதான் தப்பு. ரயில் வரும் என்று நான் சொன்னது பொய் இல்லை. அதை முதலில் எழுதுங்கள். மற்றதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.